ஹஸ்னா பேசிய தோட்டத்துத் தமிழ்

போன வாரம் மெல்பர்னின் ரோவிலில் மகள் வீட்டில் பெலாச்சான் வறுத்தேன். புளித்த இறால் கட்டி வாணலியில் சூடேறினால் என்ன மணம் வரும் என்று மலேசியாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. மகள் ஓடிவந்து ஜன்னல்களைத் திறந்தாள். எனக்கோ, ஒரு காலத்தில் கூடச் சேர்ந்து இதை வறுத்த ஹஸ்னாவின் ஞாபகம்.

எழுபத்து நான்கில், இதே மெல்பர்னில், பிரன்ஸ்விக்கில் ஒரு பழைய வீட்டில் நானும் அவளும் வாடகைக்கு இருந்தோம். இருவரும் மலேசியா. எனக்கு பார்மசி, அப்பாவின் செலவில். அவளுக்குச் சட்டம், அரசாங்க உபகாரச் சம்பளத்தில். முதல் நாள் கேஸ் அடுப்போடு மல்லுக்கட்டி நான் தமிழில் முணுமுணுத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது:

"மொதல்ல தீக்குச்சிய பத்த வைலா, அப்புறம் கேஸ திருகு."

தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தால் மலாய்க்காரப் பெண். அவள் அப்பா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஸ்டேஷனில் போலீஸ்காரர். கூட விளையாடியதெல்லாம் பால்மரம் வெட்டும் தமிழர்களின் பிள்ளைகள். வசவு உட்பட முழுத் தமிழும் கைவசம். எழுத மட்டும் ஓர் எழுத்து தெரியாது. நான் டவுன் கான்வென்ட். என் தமிழ் மரியாதையானது, எதற்கும் உதவாதது.

அந்த ஆண்டு ரப்பர் விலை விழுந்து, தோட்டத்திலும் மலாய்க் கிராமமான கம்பத்திலும் சனங்கள் அரைவயிறாகக் கிடப்பதாக ஊரிலிருந்து கடிதங்கள் வந்தன. ஹஸ்னா மதிய இடைவேளையில் பல்கலைக்கழகப் புல்வெளியில் நின்று ஊர் அரசாங்கத்தை எதிர்த்துப் பேசினாள். துண்டுப் பிரசுரமும் போட்டாள். மலாயும் ஆங்கிலமும் அவள் எழுதினாள். தமிழை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'பட்டினி'க்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டது மட்டும் என் சொந்தச் சரக்கு.

மாணவர்களைக் கவனிக்க ஊரிலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். என் பாஸ்போர்ட் அப்போது புதுப்பிப்பதற்காக அவர் மேசையில்தான் இருந்தது. சாயந்தரம் அவள் திரும்பிவந்து கோட்டைக் கழற்றியபடி சொன்னாள்:

"தமிழ் யார் எழுதினதுன்னு கேட்டான். நான்தான்னுட்டேன்."

"உனக்குத்தான் எழுதத் தெரியாதே!"

"அது அவனுக்குத் தெரியாதில்ல? நம்பல. ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி ஒரு தமிழரு. அவரைக் கூப்பிட்டு, இவகிட்ட பேசிப் பாருன்னான். பேசினேன். 'நம்மளவிட நல்லா பேசுது சார்'னு அந்த ஆளு மெரண்டுட்டாரு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உபகாரச் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். ஓராண்டு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் டப்பா அடுக்கிக்கொண்டே படித்தாள். எனக்குப் பாஸ்போர்ட் வந்தது. டிராமில் போகும்போதெல்லாம், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அந்த அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். இறங்கியதில்லை.

பிறகு உபகாரச் சம்பளம் திரும்பக் கிடைத்தது. படித்து முடித்து ஊருக்குப் போனாள். வக்கீலானாள், யாரை எதிர்த்துப் பேசினாளோ அந்த ஆளுங்கட்சியிலேயே சேர்ந்தாள், நாடாளுமன்றத்துக்குப் போனாள், துணையமைச்சரானாள். நான் கல்யாணமாகி இங்கேயே தங்கிவிட்டேன். தேர்தல் வந்தால் அவள் தோட்டங்களில் தமிழில் பேசுவாள். ஓட்டுக்காகக் கற்றுக்கொண்டாள் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் எழுதினார்கள். படித்தேன். அப்போதும் மறுத்து ஒரு வரி எழுதிப் போடவில்லை.

துணையமைச்சராக ஒருமுறை மெல்பர்ன் வந்தாள். ஓட்டலில் சந்தித்தோம். மாணவர்களை அரசியல் பக்கம் வரவிடாமல் கட்டிப்போடும் சட்டத்தை இன்னும் இறுக்கும் திருத்தம் ஒன்று அப்போதுதான் நிறைவேறியிருந்தது.

"நீயா அதுக்குக் கை தூக்கின?" என்றேன்.

"தூக்கினேன். கட்சியில இருந்தா சில நாள் தூக்கணும். உள்ள இருந்ததாலதான் தோட்டத்துக்குத் தண்ணி பைப்பு கொண்டாந்தேன்."

"அன்னிக்குப் புல்வெளியில பேசினவ நீ."

தேநீரைக் கலக்கியபடி, "ஆமா," என்றாள். "நீ அன்னிக்கும் பேசல."

குரலில் கோபம் இல்லை. உடனே என் மகளுக்கு என்ன வயது என்று கேட்டாள்.

அடுத்த தேர்தலில் கட்சி அவளுக்கு இடம் கொடுக்கவில்லை. வக்கீல் தொழிலுக்குத் திரும்பினாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டாள். பேராக் தோட்டம் இப்போது கோல்ப் மைதானம். பிரன்ஸ்விக் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அதிகாரியும் கிராணியும் போய்ச்சேர்ந்து வெகுகாலம் ஆகியிருக்கும். அந்தத் தமிழை எழுதியது நான்தான் என்று இப்போது யாரிடம் வேண்டுமானாலும் தாராளமாகச் சொல்லலாம். சொல்லியிருக்க வேண்டியவர்களில் ஒருவர்கூட மிச்சமில்லை.