கேட்டுக்கு மேலே வீசிய பிஸ்கட்

அந்தத் தபால்காரம்மாவுக்குப் பதினாறு வருஷ வேலையில் மழையும் வெயிலும் பழகிவிட்டன. நாய்கள் மட்டும் பழகவில்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்று சொன்னவன் ஒரு நாளும் தபால் கொடுத்திருக்க மாட்டான் என்பார். மூன்று வருஷத்துக்கு முன் தையல்காரர் வீட்டு நாய் அவருடைய கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அதற்குக் கரடி என்று பெயர். உயரமென்னவோ முழங்கால் வரைதான், உடம்பெல்லாம் கறுத்த சடை. அன்று முதல் அந்தத் தெருமுனை திரும்பும்போதே அவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

ஆண்டுக் கடைசி விடுமுறை நெருங்கியபோது, வீடுகளில் நமக்குப் பலகாரம் தருகிறார்களே, அந்த வீட்டு நாய்களுக்கு நாம் ஏதாவது செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அன்பு பாதி, லஞ்சம் பாதி. அவர் தபால் கொடுக்கும் தெருக்களின் கடைசியில் ஒரு கால்நடை மருத்துவமனை இருந்தது. அங்கே உதவியாளராக இருந்த பெண்ணிடம் விசாரித்தார். சாக்லேட், திராட்சை, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. உப்பும் சர்க்கரையும் வேண்டாம் என்று அவள் சொன்னாள். தபால்காரம்மா அதை ஒரு தாளில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்தார்.

விடுமுறைக்கு முந்தின ஞாயிறு, வேகவைத்த பரங்கிக்காய், ஓட்ஸ் மாவு, முட்டை, வேர்க்கடலை வெண்ணெய் எல்லாம் சேர்த்துப் பிசைந்தார். பாதி மாவிலேயே வெண்ணெய் தீர்ந்துவிட்டது. அலமாரியில் கணவருடைய வேர்க்கடலை வெண்ணெய் பாட்டில் இருந்தது. அவர் சர்க்கரை நோயாளி. அவருக்கென்று தனியாக வாங்கியது. சர்க்கரையே இல்லாதது, நாய்க்கு இன்னும் நல்லதுதானே என்று அதை வழித்துப் போட்டார். வெந்த பிஸ்கட்டுகளை ஒரே தட்டில் கொட்டி ஆறவைத்து, எட்டு நாய்களுக்கு எட்டுப் பொட்டலம் கட்டினார்.

மறுநாள் காலை தபாலோடு பொட்டலங்களும் போயின. ஏழு பொட்டலங்களை ஆட்கள் கையில் கொடுத்தார். தையல்காரர் வீட்டில் மட்டும் கரடி கேட்டருகே நின்று உறுமியது. அழைப்புமணியை அழுத்தக்கூடத் துணிவில்லாமல், பொட்டலத்தைப் பிரித்து உள்ளே வீசிவிட்டு, கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

முக்கால் மணி நேரம் கழித்து மருத்துவமனைக்குத் தபால் கொடுக்கப் போனார். பிஸ்கட் செய்த கதையை உதவியாளரிடம் பெருமையாகச் சொன்னார். கணவருடைய பாட்டில் என்றதும் அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினாள்.

"அக்கா, அந்த பாட்டில்ல என்ன இனிப்பு சேர்த்திருக்காங்கன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. உடனே கணவருக்குப் போன் போட்டுக் குப்பைக்கூடையிலிருந்து பாட்டிலை எடுத்துப் படிக்கச் சொன்னார். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் ஒரு யுகம் போனது. எழுத்துக் கூட்டி அவர் படித்த நான்காவது சொல் சைலிட்டால்.

"மனுஷங்களுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. நாய்க்கு அது விஷம். ரத்தத்துல சர்க்கரை சட்டுனு எறங்கிடும்."

எந்தப் பொட்டலத்தில் எந்த மாவு என்று தபால்காரம்மாவுக்கே தெரியாது. எட்டு நாய்களுக்கும் அங்கேதான் வைத்தியம் என்பதால் எண்கள் இருந்தன. அந்தப் பெண் ஒவ்வொரு வீடாக அழைத்தாள். ஐந்து வீடுகளில் இன்னும் பிரிக்கவே இல்லை. இரண்டு நாய்கள் ஆளுக்கொரு பிஸ்கட் தின்றிருந்தன; உடனே கொண்டுவரச் சொன்னாள். தையல்காரர் மட்டும் எடுக்கவில்லை. மெஷின் ஓடினால் அவருக்குப் போன் சத்தம் கேட்காது.

தபால்காரம்மா பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஓடியதில்லை. வழியெல்லாம் ஒரே நினைப்பு: அது குரைக்கணும், என்னைப் பாத்துக் குரைக்கணும்.

கரடி குரைக்கவில்லை. கேட்டுக்குப் பின்னால் பொட்டலக் காகிதம் மட்டும் கிடந்தது. பக்கத்தில் நாய் எழுந்து நிற்கப் பார்த்தது. பின்னங்கால்கள் குடிகாரனுடையவை போலப் பின்னின. மூன்று வருஷமாகத் தொடாத அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய்க் கதவைத் தட்டினார். கழுத்தில் இஞ்சிடேப்போடு வந்த தையல்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் உடனே ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். மருத்துவமனைப் பெண் போனில் சொன்னபடி ஒரு கிண்ணத்தில் சர்க்கரையைக் கெட்டியாகக் கரைத்தார்கள். வாயில் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். விரலால் ஈறில் தடவ வேண்டும்.

பின் இருக்கையில் தபால்காரம்மா நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உதட்டைத் தூக்கியபோது, தன் காலில் இறங்கிய அதே பற்கள் விரலுக்கு அருகில் தெரிந்தன. கை பின்வாங்கியது. நாயின் உடம்பு ஒருமுறை வெட்டி இழுத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலை உள்ளே விட்டார். ஈறு சூடாக, வழுவழுவென்று இருந்தது. தடவினார், மறுபடி தோய்த்தார், தடவினார்.

"மூச்சு இருக்காம்மா?" முன்னாலிருந்து தையல்காரர் கேட்டார்.

"இருக்குண்ணே. நீங்க ரோட்டைப் பாருங்க."

டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். மற்ற இரண்டு நாய்களும் வாந்தி எடுக்கவைத்துக் கவனித்ததில் மாலையே வீடு திரும்பின. கரடிதான் இரண்டு நாள் அங்கே கிடந்தது. கல்லீரல் தாக்கப்பட்டிருக்குமோ என்று ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த இரண்டு நாளும் தபால்காரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் பாவம், தன் பாட்டில்தான் குற்றவாளி என்பதுபோல் அலமாரிப் பக்கமே போகவில்லை.

தையல்காரர் அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். அதுவும் மூன்றாம் நாள், ரத்தம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு.

"தெரியாம நடந்தது, அதை விடுங்க. ஆனா என்னைக் கூப்பிடாம உள்ள வீசிட்டுப் போனீங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல."

பயமா இருந்துச்சுண்ணே என்றார் தபால்காரம்மா. மற்ற ஏழு வீடுகளுக்கும் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். ஒரு வீட்டம்மா கதவை முகத்திலேயே சாத்தினார். அதுவும் நியாயம்தான் என்று பட்டது.

அடுத்த ஆண்டும் செய்தார். விட்டுவிட்டால் நாய் கடிக்கும் என்ற பயமும் நாய்க்கு விஷம் கொடுத்துவிடுவோம் என்ற பயமும் சேர்ந்து தன்னை வேலைக்கே போகவிடாது என்று நினைத்தார். இம்முறை பரங்கிக்காய், ஓட்ஸ், முட்டை மட்டும்தான். என்னென்ன போட்டது என்று ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எழுதினார். நான்கு வீட்டார் வாங்கிக்கொண்டார்கள். தையல்காரர் கேட்டுக்கு உள்ளே நின்று எழுதியதை ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார். அவர் காலடியில் கரடி பல்லைக் காட்டி உறுமிக்கொண்டிருந்தது. தபால்காரம்மா வேர்த்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவர் படித்து முடிக்கும்வரை நகராமல் நின்றார்.