தாழ் போடாத ஊர்

திருப்பதிக்கு வந்து நான் கண்ட அதிசயம் மலையும் இல்லை, கூட்டமும் இல்லை. பட்டப்பகலில், ஆள் உள்ளே இருக்கும்போதே எல்லா வீடும் தாழ் போட்டுக் கிடப்பதுதான். எங்கள் மாடியில் நான்கு வீடு. மூன்று மூடியிருக்கும். நான்காவது என் மகன் செல்வத்தின் வீடு. அது விரியத் திறந்திருக்கும், நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருப்பேன்.

எதிர்வீட்டு அம்மாள் போகும்போதும் வரும்போதும், "தலுப்பு வேசுகோண்டம்மா" என்பாள். கதவைச் சாத்தச் சொல்கிறாள். தலையாட்டுவேன், சாத்தமாட்டேன். கிழவிக்கு நினைவு தப்புகிறது என்று அவளாக முடிவு கட்டி, என் மகனுக்கு போன் போட்டுவிட்டாள்.

நான் வாழ்ந்தது குப்பம் டவுனுக்கு அப்பால், மலையடிவாரத்தில் ஒரு தங்கச் சுரங்க ஊர். ஊர் என்றால் ஆறு வரிசை லயன் வீடு, ஒரு மாரியம்மன், ஷிப்டுக்கு ஊத ஒரு சங்கு, அவ்வளவுதான். வெள்ளைக்காரன் தோண்டிப் பார்த்துவிட்டுப் போன குழியைப் பிற்பாடு கம்பெனி ஆழப்படுத்தியது என்பார்கள். அங்கே தங்கத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை. சாம்பல் நிறக் கல்லைத்தான் கண்டேன், மலை மலையாக. ஆம்பிளை குழிக்குள் இறங்கினால், மேலே ஏறி வீடு வரும்வரை பெண்டாட்டி கதவைத் தாழ் போடக்கூடாது. சாமிக்குப் பயந்து இல்லை. அடிபட்டவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். அவர்கள் கையால் கதவைத் தட்ட முடியாது. என் வீட்டுக்காரரை அப்படித்தான் ஒருநாள் கொண்டுவந்து நேராகக் கட்டிலில் கிடத்தினார்கள். பிழைத்தார், இடது கால்தான் பிழைக்கவில்லை. அப்போது செல்வம் பள்ளிக்கூடத்தில் இருந்தான்.

போன் வந்த அன்று சாயங்காலம் அவன் புதுப் பூட்டோடு வந்தான்.

"ம்மா, நாளையிலருந்து வெளியில பூட்டிக்கினு போறேன். ஞாயித்துக்கெழம டாக்டராண்ட போலாம்."

"எனக்கின்னாடா நோவு?"

"கதவு தொறந்தே கெடக்குதாமே? மறந்துடறியா?"

"மறந்தவ நான் இல்லடா. நீ வேலைக்கிப் போயிருக்கச்சொல்ல எப்பிடிடா தாப்பா போடுவேன்?"

அவன் சிரித்தான். "ம்மா, நான் ஸ்ரீசிட்டி கம்பெனியில ஏசி ரூம்ல குந்திக்கினு கம்ப்யூட்டர் பாக்கறேன். எந்தக் குழியில எறங்கறேன்?"

"அவ்ளோ தூரம் பஸ்ஸுல போறியே, அது இன்னாடா?"

சிரிப்பு நின்றுவிட்டது. பூட்டைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். அவனும் பாவம், இந்த ஊரில் குடியிருக்க வேண்டியவன். ஆனால் வெளியே பூட்டிய வீட்டுக்குள் ஒருநாள் இருந்தாலும் நான் பைத்தியக்காரிதான். யாரும் அதற்கப்புறம் டாக்டரைக் கேட்கவேண்டாம்.

"பூட்ட எடுத்துக்கினு போ. உள்ள நானே தாப்பா போட்டுக்கறேன்" என்றேன்.

சுரங்கம் மூடிப்போனபின் எங்கள் லயனில் ஆட்கள் நிலையோடு கதவுகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். குழியில் தண்ணீர் நிற்கிறதாம். வீடுகளில் ஆடுகள் போய்வருகின்றனவாம்.

நான் இப்போது தாழ் போடுகிறேன். எதிர்வீட்டு அம்மாளுக்குச் சந்தோஷம். கதவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறாள் என்று செல்வம் சொன்னான். கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு, தாழ்ப்பாளின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, அவன் வரும்வரை நான் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது.