படகுக்கு என்று சொன்ன இஞ்சின்

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் ஆட்களிடம் உண்டு. அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. கோர்ட்டில் சொன்னதைக்கூட நாளைக்கு மாற்றிச் சொல்லலாம், இதை மாற்றக் கூடாது. என் வீட்டுக்காரர் எனக்காக ஒரு தடவை அப்படி அடித்தார். சிராங்கூன் ரோட்டு அம்மன் கோயிலில், என் தம்பியின் கருமாதி முடிந்து தீட்டுக் கழிந்த பிறகு.

தம்பியை வளர்த்தது நான்தான். அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அவனைப் பார்த்துக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குப் பிற்பாடு நானே கற்றுக்கொண்டேன். கல்யாணமாகித் தேக்கா மார்க்கெட் பக்கம் ஒற்றை அறையில் குடித்தனம் வைத்தபோதும் அவன் என்னோடுதான் இருந்தான். "தம்பியும் வருவான், சம்மதமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கழுத்தை நீட்டினேன்.

என் வீட்டுக்காரர் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு சீமைக் கார் கம்பெனியில் மெக்கானிக். முன்னால் கண்ணாடி போட்ட கடை, அதில் புதுக் கார்கள் பளபளவென்று நிற்கும். பின்னால் ஒர்க்‌ஷாப். தம்பிக்கு மீசை அரும்பியதும் அவனையும் அங்கேயே சேர்த்துவிட்டார்.

அந்தக் கம்பெனிக்கு அப்போது பந்தயப் பைத்தியம். சீமையில் அவர்கள் வண்டி எங்கெங்கோ ஓடி ஜெயித்ததாம். அதில் ஒன்றைக் கப்பலேற்றி இங்கேயும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். கார் என்று சொல்ல வாய் வரவில்லை. கூரை இல்லை, கதவு இல்லை, மட்கார்டு இல்லை. நாலு சக்கரமும் உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. நடுவில் ஒரே ஒரு ஆள் காலை நீட்டி உட்கார இடம்.

"இதுக்குப் போயா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? துணி உடுத்தாத கார் மாதிரி இருக்கு" என்றேன்.

தம்பி சிரித்தான். "அக்கா, இதுதான் குதிரை. கடையில நிக்கிறதெல்லாம் மாடு."

பாசிர் பாஞ்சாங் பக்கம் ஒரு மலைப்பாதையில் போட்டி வைத்தார்கள். ஒவ்வொரு வண்டியாகக் கீழேயிருந்து மேலே ஏற வேண்டும், சீக்கிரம் ஏறியவனுக்குப் பரிசு. ஓட்டியது ஒரு வெள்ளைக்காரர். அவர் ஏறி முடித்து இறங்கி, கை குலுக்கி, பீர் குடிக்கப் போய்விட்டார். வண்டியைத் திரும்பக் கீழே கொண்டுவரத் தம்பியை ஏற்றிவிட்டார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். அவன்தான் வேகமாக வந்தான் என்று சிலர் சொன்னார்கள். வளைவில் மரத்தில் மோதியது. என் வீட்டுக்காரர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் வந்தவர் அவர்தான்.

கம்பெனியின் பெரிய துரை எங்கள் அறைக்கு வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, பாயில் உட்கார்ந்தார். நான் கொடுத்த காப்பியைக் குடித்தார். அவர் இங்கிலீஷில் பேசப் பேச என் வீட்டுக்காரர் தமிழில் சொன்னார்.

"இனிமே நம்ம கம்பெனி ரேஸ் பக்கமே போகாதாம். சீமையிலயும் முடிவு பண்ணிட்டாங்களாம். அந்த வண்டியையும் திருப்பி அனுப்பப் போறாங்களாம்."

துரையின் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அவர் போன பிறகு கேட்டேன்: "கம்பெனி போகாது. நீங்க?"

"நானும்தான்."

"வாயால சொல்லாதீங்க."

மறுபேச்சுப் பேசாமல் கோயிலுக்கு வந்தார். நான்தான் கற்பூரத்தை ஏற்றினேன். பந்தயக் காரைத் தொட மாட்டேன், பந்தயம் நடக்கிற ரோட்டில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லி அடித்து அணைத்தார். உள்ளங்கை கறுத்துப்போனது. அன்றைக்கு என் கையால் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். அந்தக் கையை நம்பித்தான் அப்புறம் குடும்பம் நடத்தினேன்.

அதற்குப் பிறகு நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பிறந்தார்கள். குவீன்ஸ்டவுனில் அரசாங்க வீடு கிடைத்தது. குழாயைத் திருகினால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர், நமக்கென்று தனிக் கக்கூஸ். இருந்தாலும் கறி வாங்கத் தேக்காவுக்குத்தான் பஸ் ஏறுவேன். அவர் ஒர்க்‌ஷாப்புக்கு மண்டோர் ஆனார். மண்டோர் என்றால் மற்ற மெக்கானிக்குகள் எல்லாம் அவர் சொல்கிறபடி வேலை செய்ய வேண்டும். எனக்கும் தலை நிமிர்ந்துதான் இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? ஒழுங்காக வேலை செய்து வந்த பதவி என்று நினைத்தேன்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஒர்க்‌ஷாப்பில் சுண்டலும் பொரியும் என் பொறுப்பு. எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பதும் நான்தான். மண்டோர் வீட்டம்மா கை வைத்தால் ராசி என்று பையன்கள் சொல்வார்கள். அந்த வருஷம் மூலையில் ஒரு மரச்சட்டத்தின் மேல் ஒரு இஞ்சின் நின்றது. எண்ணெய்க் கறையே இல்லாமல், கழுவிக் கவிழ்த்த அலுமினியச் சட்டி மாதிரி பளிச்சென்று இருந்தது. மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். மற்ற இஞ்சின்களுக்கு அந்த மரியாதை கிடையாது.

"இது எந்தக் காருக்குங்க?" என்று கேட்டேன்.

அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "காருக்கு இல்ல புள்ள. படகுக்கு. ஹார்பர்ல ஓடுமே லான்ச், அதுக்கு" என்றார்.

இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் இருமினான். சாம்பிராணிப் புகை என்று நினைத்தேன்.

படகு என்றதும் எனக்கு மனசு இளகிவிட்டது. தண்ணீரில் போகிற பிள்ளைகள், காற்று மழை என்றால் என்ன பாடுபடுவார்களோ என்று நினைத்தேன். மற்றதற்கெல்லாம் அவசரமாக ஒரு தீற்று தீற்றிய நான், அந்த இஞ்சினுக்கு மட்டும் நிதானமாகச் சந்தனத்தைக் குழைத்து, வட்டமாக வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். "இதில் போகிற பிள்ளை நல்லபடியாகத் திரும்பி வரணும் தாயே" என்று வாய்விட்டே சொன்னேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

தீபாவளி போய், பொங்கல் போய், தாம்சன் ரோட்டை அடைத்துக் கார் ஓட்டுகிற போட்டிக்கான சமயம் வந்தது. ஊரே அதைத்தான் பேசியது. அந்தப் பேச்சு காதில் விழுந்தாலே நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். நம் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சமாதானப்படுத்திக்கொள்வேன்.

அந்த வாரம் தேக்காவில் கறி வாங்கப் போனேன். கறிக்கடைக்காரர் நாகூர்க்காரர். அண்ணன் என்கிற அர்த்தத்தில் நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தார்.

"வாங்க தங்கச்சி வாங்க! இன்னைக்கு ஈரல் நம்ம செலவுலா! என்ன, இவ்வளவு பெரிய விஷயத்தை வாயத் தொறக்காம வச்சிருக்கீங்க?"

"என்ன விஷயம் நானா?"

"நேத்து ரேஸ் காரெல்லாம் ஓட்டிப் பாக்குற இடத்துக்குப் போயிருந்தேன். ஒரு வண்டி நிக்கிது, இஞ்சினு பின்னாடி வெளியில தெரியுது. பாத்தா, அதுல பொட்டு! சந்தனம், குங்குமம், அப்படியே நம்ம ஆளுங்க வைக்கிற மாதிரி. யாரு வேலைன்னு கேட்டா உங்க வூட்டுக்காரர் பேரைச் சொல்றாங்க. காரு வேற யாரோ கட்டுனதாம், இஞ்சினு மட்டும் உங்க கம்பெனி சீமையிலேர்ந்து குடுத்திருக்காம். விட்டுட்டுப் போன கம்பெனி திரும்ப வந்திருச்சுன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. அந்த இஞ்சினைக் கழட்டிப் பூட்டித் தயார் பண்ணது நம்ம மண்டோராம்ல! பொட்டு வச்சது நீங்கதானே?"

பக்கத்தில் கறி வாங்க நின்ற பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி, "கொடுத்து வச்சவங்க" என்றாள்.

நான் என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரியாது என்று சொன்னால், கட்டினவனே ஏமாற்றிய பெண் என்று நாளைக்கு மார்க்கெட் முழுக்கப் பேச்சாகும். "ஆமா நானா, நான்தான் வச்சேன்" என்றேன். சிரிக்கவும் செய்தேன். ஈரலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வரும் வரைக்கும் கண்ணில் ஒரு சொட்டு வரவிடவில்லை.

சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். ஈரல் வறுவலைப் பரிமாறினேன்.

"என்ன இன்னைக்கு விசேஷம்?"

"உங்க படகு தாம்சன் ரோட்டுல ஓடுதாம். நானா சந்தோஷத்துல ஈரல் கொடுத்துவிட்டாரு."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். "நான் அந்த ரோட்டுல கால் வைக்கல புள்ள. காரையும் தொடல. ஒர்க்‌ஷாப்புலயே இருந்துதான் செஞ்சேன். இஞ்சின் மட்டும்தான்" என்றார்.

"கற்பூரம் அடிச்சப்ப இஞ்சினை விட்டுட்டு மத்ததுக்குன்னு சொல்லித்தான் அடிச்சீங்களா?"

"துரை கேட்டாரு. என்னை விட்டா ஆள் இல்லன்னாரு. மண்டோர் ஆக்குனதே..." சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

மண்டோர் பதவி எதற்காக வந்தது என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "நீங்க செஞ்சது கெடக்கட்டும். என்னை எதுக்குப் பொட்டு வைக்க விட்டீங்க? அவன் அக்கா கையால?"

"நீ வச்சா நல்லதுன்னு தோணுச்சு. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றார். அது ஒன்றுதான் அன்றைக்கு அவர் சொன்ன உண்மை என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு ஆர்ச்சர்ட் ரோட்டுக்குப் போனேன். கெஞ்சப் போகிறவள் மாதிரி போகக் கூடாது என்று நினைத்தேன். அந்தக் கார் ஒர்க்‌ஷாப்பில்தான் நின்றது, என்னவோ சரிபார்க்கக் கொண்டுவந்திருந்தார்கள். அதே மாதிரிதான். கூரை இல்லை, நாலு சக்கரமும் வெளியே. ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் என் இஞ்சின். என் பொட்டு.

நேராகப் போய் முந்தானையால் துடைத்தேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன்.

ஒரு பையன் ஓடி வந்தான். "அக்கா, அது வராதுக்கா! பெயிண்ட்டு! நீங்க வச்சது சூட்டுல உதிர்ந்துருச்சு. ஓட்டுறவரு ராசின்னு சொல்லி, அப்படியே அழியாத மாதிரி போடச் சொன்னாரு. அண்ணன்தான் பிரஷ் வச்சுப் போட்டாரு."

அண்ணன் என்று அவன் சொன்னது என் வீட்டுக்காரரை. அவர் தூணுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

சத்தம் கேட்டுத் துரை வந்தார். அதே துரைதான், முடி மட்டும் வெளுத்திருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் சந்தையில் பேசுகிற மலாய் இரண்டு பேருக்கும் தெரியும். என் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு என்ன சொன்னீர்கள் என்று மலாயில் கேட்டேன். அவர் கார் பக்கம் கையைக் காட்டி, அது வேறு ஆளுடையது என்றார். பிறகு, "இஞ்சின் சாஜா" என்றார். இஞ்சின் மட்டும்தான் என்று அர்த்தம்.

வீட்டில் கேட்ட அதே சொல். இவர் அவரிடம் கற்றுக்கொண்டாரா, அவர் சீமையிலிருந்து கற்றுக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. இத்தனை பெரிய கம்பெனிக்கும் என் வீட்டுச் சோற்றைத் தின்கிற மனுஷனுக்கும் ஒரே சாக்கு. வந்த வழியே திரும்பினேன்.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலேயே இருந்தார். சத்தியத்தைக் காப்பாற்றுகிறாராம். சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலம் ஒர்க்‌ஷாப் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து கீழேயிருந்தே கத்தினான்.

"அண்ணே! மூணாவதா வந்துட்டோம்லா! யாருக்கும் ஒன்னும் ஆகல!"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் வேர்வை. "பாத்தியா, ஒன்னும் ஆகல."

"என் தம்பிக்கும் அந்த வளைவு வர்ற வரைக்கும் ஒன்னும் ஆகல" என்றேன்.

அந்தப் பிள்ளை யாரோ, நல்லபடியாகத் திரும்பி வந்ததில் எனக்கு நிம்மதிதான். யார் பெற்ற பிள்ளையோ. நான் வேண்டிக்கொண்டதும் அதைத்தானே. ஆனால் ஒன்றும் ஆகாமல் போனதால் எல்லோரும் நல்லவர்கள் ஆகிவிட்டார்கள். கோபத்தோடு நின்றவள் நான் ஒருத்திதான்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சுண்டல் செய்து கொடுத்தனுப்பினேன். நான் போகவில்லை. அதற்குப் பிறகு எந்த இஞ்சினுக்கும், எங்கள் பிள்ளை வாங்கிய ஸ்கூட்டருக்குக்கூட, நான் பொட்டு வைத்ததில்லை.

சில வருஷம் போயிற்று. ஒரு நாள் அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். கம்பெனி மறுபடியும் பந்தயத்தை விட்டுவிட்டதாம், இஞ்சினும் இனிமேல் கொடுக்காதாம், சீமையிலேயே முடிவு பண்ணிவிட்டார்களாம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றியிருந்தேன். அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து நின்றார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வலது கையைத் தூக்கி உள்ளங்கையை விரித்தார்.

நான் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். "அது சாமிக்கு ஏத்துனது" என்றேன்.

கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கியது. கற்பூரம் தானாக எரிந்து முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். அப்புறம் நான் சோறு போடப் போனேன்.