ஜன்னலில் ஒட்டிய கருப்பு அட்டை

செங்கல்பட்டில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைக் கருப்பு சார்ட் அட்டையால் மூடி, சுவரோடு டேப் போட்டு ஒட்டியவள் நான்தான். கம்பெனியில் ஒரு வாரம் நைட் ஷிப்ட், மறு வாரம் பகல் ஷிப்ட். நைட் முடித்து வந்து தூங்க இருட்டு வேண்டும். பகல் ஷிப்ட் வாரத்தில் அட்டையை எடுத்திருக்க வேண்டும். ஆனால் ஒருமுறை டேப்போடு பெயின்ட்டும் பெயர்ந்து வர, வீட்டு ஓனர் ஒரு பிடி பிடித்தார். பிறகு நான் அதைத் தொடவேயில்லை.

சில மாதங்களில் படுத்தால் தூக்கமில்லை, எழுந்தால் வேலை ஓடவில்லை. காரணமில்லாமல் அழுதேன். ஒருநாள் பாலைக் கொட்டியதற்காக இரண்டு வயது மகளை ஓங்கி அறைந்துவிட்டேன். என்மேல் எனக்கே பயம் வந்தது. குழந்தை புதுப்பட்டினத்தில் அண்ணியிடம் வளரட்டும் என்று முடிவு செய்தேன். அண்ணி என் கணவரின் அக்கா. அங்கே நாஸ்தா கடை வைத்திருந்தார்.

குழந்தையை அழைத்துப்போக ஒரு ஞாயிறு காலை வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாமே இது, வூடா, சினிமா கொட்டாயா? மணி எட்டாவுது, லைட்ட போட்டுகினு உக்காந்துகினு கீற!"

"நைட் ஷிப்டுக்காக ஒட்டுனது அண்ணி."

"இந்த வாரம் இன்னா ஷிப்டு?"

"பகல்."

"அப்பால யாருக்கு இந்த இருட்டு?"

சொல்லிக்கொண்டே அட்டையைப் பிய்த்தார். வெயில் முகத்தில் விழுந்து கண் கூசியது, எரிச்சலும் வந்தது. இட்லி சுடுகிறவருக்கு என் ஷிப்டைப் பற்றி என்ன தெரியும் என்று மனதுக்குள் பொருமினேன்.

மறுநாள் லீவு போடவைத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். டாக்டரம்மா அதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறதாம். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது நேரம் வைத்துக்கொள்ளுமாம். நான் அதற்குக் காலையையே காட்டாமல் இருந்திருக்கிறேன்.

அண்ணி மூன்று வாரம் எங்களோடு தங்கினார். ஜன்னலுக்குக் கயிறு கட்டி, துணி கிளிப்பில் கருப்புப் போர்வையை மாட்டினார். நைட் வாரத்தில் மூடினேன். பகல் வாரத்தில் கழற்றிவிட்டு, காலையில் மகளோடு மொட்டைமாடி வெயிலில் நின்றேன். நைட் முடிந்து திரும்பும்போது, தூங்கப்போகிற கண்ணில் காலை வெளிச்சம் படாமலிருக்க டாக்டரம்மா சொன்னபடி கூலிங் கிளாஸ் போட்டால், "இன்னா ஹீரோயினு, ஷூட்டிங்கா?" என்று கம்பெனி பஸ்ஸே சிரிக்கும். ஒரே நாளில் எதுவும் சரியாகிவிடவில்லை. ஆனால் தூக்கம் வந்தது, அழுகை குறைந்தது. மகள் பயப்படாமல் மடியில் ஏறினாள். இன்றும் அதே ஷிப்ட் வேலையில்தான் இருக்கிறேன். அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

அந்த மூன்று வாரம் முடிந்து ஊருக்குக் கிளம்பிய அன்று அண்ணி கேட்டார்: "கொயந்தயக் கூட்டிகினு போவட்டா?"

மகளை இறுக்கிக்கொண்டேன். "வேணாம் அண்ணி. நானே பாத்துக்கறேன்."

"அத்த உன் வாயால கேக்கத்தான் கடைய மூடிகினு இங்க கெடந்தேன்" என்றவர், புதுப்பட்டினம் வழியாகப் போகும் கல்பாக்கம் பஸ்ஸில் தனியாக ஏறினார்.