டப்பிங் புருஷன்

என் தம்பியை பஸ் டிப்போவில் எல்லாரும் 'டூட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த டிரைவருக்கு எந்த வண்டி, எந்த கண்டக்டருக்கு எந்த ஷிப்ட் என்று பிரித்துப் போடுவது அவன் வேலை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான். கண்ணாடியில் ஒரு ஓட்டை. லீவு கிடைக்காதவன், ஓட்டை வண்டி கிடைத்தவன், பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்தவன், எல்லாரும் அந்த ஓட்டையில் வாயை வைத்துத் திட்டிவிட்டுப் போவார்கள். இவன் பதில் பேசமாட்டான். சின்ன வயசிலேயே அப்படித்தான். மிதித்தால்கூட 'ஸ்' என்று மட்டும் சொல்லும் பிள்ளை.

வாங்கி வாங்கிக் கட்டிக்கொண்டதில் நெஞ்சு படபடக்கிறது என்று டாக்டரிடம் போனான். டாக்டர் 'ஸ்ட்ரெஸ்' என்றாராம். சாயங்காலத்தில் நல்ல படமாகப் பாருங்கள், மனசு லேசாகும் என்றாராம். என் வீட்டுக்காரர் இருந்தவரை எனக்கும் அந்த வியாதி இருந்திருக்கிறது. பெயர் தெரியாததால் புருஷன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சொன்னதில் தப்பில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை என்றால், சாப்பாட்டை விட்டுவிட்டு டப்பாவோடு விழுங்குகிறவன் என் தம்பி. டிப்போவிலிருந்து வருவான், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் டிவியைப் போடுவான். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அது செங்கல்லா அட்டையா என்று கட்டினவனுக்குத்தான் வெளிச்சம். அவன் பார்ப்பதையெல்லாம் நான் கேட்டேன்.

நம் படங்கள் அவனுக்கு ஆகவில்லை. "எல்லாரும் கத்துறாங்கக்கா, டிப்போலயே உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு" என்றான். வெளிநாட்டுப் போலீஸ் சீரியலைப் பிடித்துக்கொண்டான். தமிழில் டப்பிங் செய்தது. அதில் யாரும் கத்துவதில்லை. சுட்டவனும் மரியாதை, செத்தவனும் மரியாதை. வாய் மூடின பிறகும் இரண்டு வார்த்தை வந்துகொண்டிருக்கும், அது ஒன்றுதான் குறை.

கொஞ்ச நாளில் அந்தத் தமிழ் இவன் வாய்க்கு வந்துவிட்டது. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால், "இந்த உணவில் ஏதோ தவறு நடந்திருக்கிறது" என்பான். குழாயில் தண்ணீர் நிற்கப்போகிறது என்றால், "விரைந்து செயல்படு, நமக்கு அதிக நேரமில்லை" என்பான். அவன் பெண்டாட்டி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளை நீராவி மெஷினில் கொடுத்துத் தேய்த்து எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சமைத்துக்கொண்டே, "உங்க தம்பிக்கு ஸ்ட்ரெஸ்னா டிவி பாக்குறாரு. எனக்கு ஸ்ட்ரெஸ்னா நான் எதைப் பாக்குறது அண்ணி, அவர் முதுகையா?" என்று ஒருநாள் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம், வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அங்கே போயிருந்தேன். அவள் வேலையிலிருந்து வந்தாள். வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு.

"மெஷின்ல கை மாட்டிக்கிச்சுங்க. நல்லா வெந்துபோச்சு" என்றாள் அவனிடம்.

இவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கி, "கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்றான். டிவியில் இருந்த போலீஸ்காரனும் அதே நேரம் அதையே சொன்னான். யார் முதலில் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை.

அவள் புருஷனையும் போலீஸ்காரனையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒற்றைக் கையால் நாலு துணியைப் பைக்குள் திணித்துக்கொண்டு, எனக்கு முன்னால் என் வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள். அவனுக்கு, எபிசோடு முடிந்த பிறகுதான் பெண்டாட்டி போனது தெரிந்தது.

"பொறந்த வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"அங்க இதைவிடப் பெரிய டிவி அண்ணி. உங்க வீட்டுலதான் அந்தச் சனியன் இல்லை" என்றாள். "ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல ஒரு கட்டில் காலியா இருக்காம். திங்கக்கிழமை அங்க போயிடுறேன்." அவள் வெறும் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. இவள் போனால் அவனுக்குச் சோறு போடுவது யார்? நான்தான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்தான். சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டிருந்தான். வாசலில் நின்றபடி ஆரம்பித்தான்: "நான் தவறு செய்துவிட்டேன். நான் உன்னை இழக்க விரும்பவில்லை. தயவுசெய்து எனக்கு இன்னொரு வாய்ப்பு கொடு."

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணி, இது எத்தனாவது எபிசோடு?"

"டேய், தமிழ்ல பேசுடா" என்றேன்.

"நான் தமிழில்தானே பேசுகிறேன்?"

"இதுவாடா தமிழ்? வாய் ஒரு பக்கம் போகுது, வார்த்தை ஒரு பக்கம் போகுது. நம்ம அம்மா உனக்கு இப்படியா பேசக் கத்துக்குடுத்தா?"

வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். டிப்போவில் வாயை மூடியே பழகினவன், வீட்டில் இரவல் வார்த்தையில் பிழைத்தவன். அதைப் பிடுங்கினதும் உள்ளே ஒன்றுமே இல்லை. அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவ போகட்டும்டா" என்றேன். "உன்கிட்ட பேசுறதுக்கு அந்தக் கண்ணாடி ஓட்டையே மேல். அதுலயாவது நாலு மனுஷன் வாயைத் திறக்குறான்."

அதுதான் சுட்டது. "என்னக்கா பேசச் சொல்ற?" என்று கத்தினான். பிறந்ததிலிருந்து அவன் கத்தி நான் கேட்டதில்லை. "நேத்து ஒருத்தன் என் அப்பனை இழுக்குறான், முந்தாநாள் ஒருத்தன் என் மூஞ்சில டூட்டி டோக்கனை விட்டெறியுறான். இதையெல்லாம் இவகிட்ட வந்து கொட்டணுமா? அவளே நின்னு நின்னு காலு வீங்கி வரா. வாயைத் தொறந்தா அழுதுடுவேன்னு பயமா இருக்கு. அதான் எவனோ பேசுறதை நானும் பேசிட்டுப் போறேன்." மூச்சு வாங்கியது. பிறகு அவள் கையைப் பார்த்து, "ரொம்ப எரியுதாடி?" என்றான்.

"எரியாம? குளுகுளுன்னா இருக்கும்?" என்றாள். ஆனால் பை மடியிலிருந்து கீழே இறங்கிவிட்டது. "யாரு டோக்கனை எறிஞ்சது?" என்று கேட்டாள்.

சொன்னான். அந்த டிரைவர் திட்டினதை அப்படியே சொன்னான், ஒரு எழுத்து குறையாமல். அது அச்சில் ஏற்றுகிற வார்த்தை இல்லை. அவள் முதலில் உதட்டைக் கடித்தாள், அப்புறம் முடியாமல் சிரித்துவிட்டாள். "அந்தாளு வாயில என் மெஷினை வச்சுத் தேய்க்கணும்" என்றாள்.

ஹாஸ்டலுக்குப் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போனாள், வெறுங்கையோடு. "பை இங்கயே இருக்கட்டும் அண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவன் காதில் விழும்படி சொன்னாள்.