டிரைவரம்மா எண்ணிய ஆறு விநாடிகள்

பேருந்து ஓட்டுகிற பெண்ணுக்கு வானத்திலிருந்து குதிக்கிற ஆசை எப்படி வந்தது என்று கேட்டால், எல்லாம் கட்டியவன் கெடுத்தது என்பாள் டிரைவரம்மா. அவன் லிஃப்ட் மெக்கானிக். "வாரம் பூரா ஊரையே மேல ஏத்தி விடறேன். ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது நான் கீழே விழக் கூடாதா?" என்று சொல்லிக்கொண்டு திரிந்த ஆள். கல்யாணமான மூன்றாம் வருஷம் அவளையும் அந்தச் சின்ன விமானத்தில் ஏற்றிவிட்டான். முதல் தடவை கதவோரத்தில் நின்றுகொண்டு அவள் அவனைத் திட்டாத திட்டில்லை. தரையைத் தொட்டதும், "அடுத்த விமானம் எத்தனை மணிக்கு?" என்றாள். அதற்குப் பிறகு பதினாறு வருஷம், நானூற்றுப் பன்னிரண்டு குதிப்பு. பிள்ளைகுட்டி இல்லை. மற்ற ஜோடிகள் விடுமுறைக்கு சினிமாவுக்குப் போவார்கள், இவர்கள் பதின்மூவாயிரம் அடிக்குப் போவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

குதிக்கிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. உயரம் காட்டும் கருவி ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் தனித்தனியாக இருக்கிறது. அவரவர் முள்ளை அவரவர் பார்க்க வேண்டும். ஐயாயிரம் அடி வந்ததும் ஒருவரை விட்டு ஒருவர் விலகிப் போய், மூவாயிரத்து ஐந்நூறில் பாராசூட்டைத் திறந்துவிட வேண்டும். யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. லிஃப்ட் மெக்கானிக் கேட்டால்தானே? விலகிப் போனாலும் தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டு விழுவான். அவளுடையது விரிந்த பிறகுதான் தன்னுடையதைத் திறப்பான். "நீ தொங்கறதைக் கண்ணால பாத்தாத்தான் எனக்கு மூச்சு வருது, நான் என்ன பண்ண?" என்பான். இது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். வெளியே சொன்னால் பயிற்சியாளர் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவளுக்கோ உள்ளூரப் பெருமை. எந்தப் பெண்ணுக்குத்தான் இருக்காது?

அந்த ஞாயிற்றுக்கிழமை விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஒன்பது பேர் முன்னால், "இவ விடற குறட்டைக்குப் பக்கத்து வீட்டு நாய் எழுந்து பதில் குரல் குடுக்குது" என்று போட்டு உடைத்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவளுக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது. இரு, உனக்கு வைக்கிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள். விழும்போது முள் மூவாயிரத்து ஐந்நூறைத் தொட்டது. பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். கொஞ்சம் தவிக்கட்டும் என்று கையைப் பாராசூட்டின் கைப்பிடிக்குக் கொண்டுபோகாமல் எண்ணினாள். ஆறு வரை எண்ணிவிட்டுத் திறந்தாள்.

ஆறு விநாடி என்றால் அங்கே ஆயிரம் அடி. அவளுடையது விரிந்ததைப் பார்த்துவிட்டு அவன் தன்னுடையதைத் திறந்தான். அது முறுக்கிக்கொண்டு சுழன்றது. முறுக்கிக்கொள்வது யாருக்கும் எப்போதாவது நேர்வதுதான். அதை அறுத்துவிட்டு, முதுகிலேயே இருக்கும் இரண்டாவதைத் திறக்க வேண்டும். அவனும் அப்படித்தான் செய்தான், ஒன்றும் மறந்துவிடவில்லை. இரண்டாவது பாராசூட் வெளியே வந்தது. விரிவதற்கு உயரம் இல்லை.

விசாரணைக்கு வந்தவர் கேட்டார்: "நீங்க எத்தனை அடியில திறந்தீங்க?"

"வழக்கமா திறக்கற உயரத்துலதான்."

வேண்டுமென்றே சொன்னாளா, வாய் தானாகச் சொல்லிற்றா, அவளுக்கே தெரியாது. சொன்னதை மாற்றிச் சொல்ல அன்றைக்கும் துணிவு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அறிக்கையில், பாராசூட்டை மடித்ததில் பிழை இருந்திருக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். அன்றைக்கு அவசரத்தில் லிஃப்ட் மெக்கானிக்குக்கு மடித்துக் கொடுத்தவர் மடிப்புக்காரர். குதிக்கிறவர்கள் இறங்கும் மைதானத்தில் இருபத்திரண்டு வருஷமாக அதுதான் அவர் வேலை. தரையில் முழங்காலிட்டு, கயிறுகளை ஒவ்வொன்றாக விரலால் பிரித்து, துணியைக் கைக்குழந்தையைத் தூங்கவைப்பதுபோலத் தட்டித் தட்டிப் பைக்குள் வைப்பார். டிரைவரம்மா அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவர் பெண்டாட்டி இவளுக்கு அண்ணி.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மைதானத்து ஆட்கள் போன் செய்தால் எடுக்கவில்லை. மடிப்புக்காரர் நினைப்பு வரும்போதெல்லாம், "இருந்திருக்கலாம்னுதானே எழுதியிருக்காங்க, அவர்தான்னு எழுதலையே" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நன்றாக இருக்கிறது நியாயம்! ஒரு மனிதன் தலையில் பாறாங்கல்லை ஏற்றிவிட்டு, பெயர் எழுதவில்லையே என்கிற கணக்கு.

பிறகு ஏன் திரும்பிப் போனாள்? நாத்தனார் கேட்டதும் அதைத்தான். "என் அண்ணன் உசுரைக் குடிச்ச இடத்துக்கு மறுபடியும் போறியா? உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று வாசலிலேயே நின்று கத்தினாள். பேருந்து ஆற்றுப்பாலத்தின் உச்சிக்கு வரும்போதெல்லாம், கண்ணாடிக்கு முன்னால் வெறும் வானம் மட்டும் தெரிகிற அந்த ஒரு நொடியில், விமானக் கதவோரத்தில் நிற்பதுபோல இருக்கும். அந்த ஆசை இன்னும் சாகவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருக்கும். ஒரே ஒரு தடவையாவது சரியான உயரத்தில் திறந்துவிட வேண்டும் என்றும் இருந்தது. இதையெல்லாம் நாத்தனாரிடம் எந்த வாயால் சொல்வது?

மைதானத்தில் இப்போது புதுப் பயிற்சியாளர். அவளைவிடப் பத்து வயது சின்னவள். நடக்கும்போதெல்லாம் சீட்டியடிப்பதால் எல்லோரும் விசில் என்று கூப்பிட்டார்கள். நானூறு தடவை குதித்தவள் என்று சொல்லியும் விசில் மசியவில்லை. "நாலு வருஷம் விட்டாச்சுல்ல? அப்ப ஒண்ணாங்கிளாஸ்தான், உக்காருங்க" என்று கொட்டகை உத்தரத்திலிருந்து வாரில் தொங்கவிட்டாள். பாராசூட் சரியாக விரியாத படங்களை ஒவ்வொன்றாக முகத்துக்கு முன்னால் நீட்டினாள். முறுக்கு என்றால் காலை உதைத்துப் பிரி. சுழல்கிறதா, அறு, அடுத்ததைத் திற. முறுக்கிக்கொண்ட படம் வந்தபோது டிரைவரம்மாவின் கால் தானாக உதைத்தது, கண் மட்டும் நிறைந்துவிட்டது. விசில் பார்த்தும் பார்க்காதவள்போல, "பயம் வந்தா வரட்டும், பக்கத்துல உக்கார வெச்சுக்கோங்க. கைப்பிடியை மட்டும் அதுகிட்ட குடுத்துடாதீங்க" என்றாள். "மூச்சை வெளியே விடறதுதான் முக்கியம். உள்ளே வர்றது தானா வரும்."

டீ வாங்கப் போன இடத்தில் மடிப்புக்காரரைப் பார்த்தாள். கவுண்டருக்குப் பின்னால் நின்று கப் கழுவிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகிவிட்டார்.

"வந்துட்டியாம்மா?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாப்பிட்டியா?"

"நீங்க என்னண்ணா இங்கே? மடிக்கற இடத்துல இல்லாம?"

"இந்தக் கை இனிமே யாரோடதையும் தொடாதும்மா. ஒருத்தனை அனுப்பினது போதும். உன் மூஞ்சியில முழிக்கவே எனக்குத் தகுதியில்ல. நீ வந்து அண்ணான்னு கூப்பிடறே பாரு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டாள். கையிலிருந்த டீ ஆறி ஏடு படிந்துவிட்டது. குதித்து முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்று மனசுக்குள் தள்ளிப்போட்டாள். கோழைகளுக்கு நாளை என்கிற நாள் எவ்வளவு வசதி!

தன் பாராசூட்டைத் தானே மடித்தாள். விசில் அதைப் பிரித்துப் பார்த்து, மறுபடியும் மடிக்க வைத்துச் சரி என்றாள். பதின்மூவாயிரம் அடியில் கதவு திறந்தது. காற்று முகத்தில் அறைந்தது. "எல்லாம் சரியா?" என்று விசில் சைகையில் கேட்டாள். கட்டைவிரலை உயர்த்த வேண்டும். டிரைவரம்மாவுக்குக் கப் கழுவுகிற கைகள்தான் கண்முன்னால் நின்றன. விரல் எழவில்லை. தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. விசில் அவளைப் பழைய இடத்தில் உட்காரவைத்து வாரை மாட்டினாள். விமானத்தோடு இறங்கி வருகிறவர்களை ஏன் என்று கேட்கக் கூடாது என்பது அந்த மைதானத்தில் எழுதாத சட்டம். விமானி மட்டும், "என் லேண்டிங்குக்கு இன்னைக்காவது ஒரு சாட்சி கிடைச்சுதே. போறவங்க எல்லாம் பாதியிலேயே குதிச்சுடறாங்க" என்றார்.

தரைக்கு வந்ததும் விசில் தோளில் கைவைத்தாள். "இன்னைக்கு நீங்க பண்ணினதுதான் சரியான முடிவு. ஆனா உங்க மனசு வேற எங்கேயோ இருக்கு. அதைப் பாத்துட்டு வாங்க."

அந்த வாரம் முழுக்க அவள் பேருந்தில் அதே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறந்து மூடும்போது ஒரு தடவை. முன் இருக்கைக்காரர், "யாருகிட்டம்மா பேசறீங்க?" என்றுகூடக் கேட்டுவிட்டார். இறங்கிய கையோடு சொல்லிவிடுவேன் என்று முடிவாகத் தீர்மானித்த பிறகுதான் கொஞ்சம் தூக்கம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விரல் எழுந்தது. குதித்தாள். விசில் பக்கத்திலேயே விழுந்துகொண்டிருந்தாள். மூச்சை விட்டாள், முள்ளைப் பார்த்தாள். அடிவானத்தைப் பார்த்தாள், திரும்பவும் முள்ளைப் பார்த்தாள். பயம் வந்தது, உட்கார்ந்தது, கைப்பிடியைக் கேட்கவில்லை. திரும்பி வருகிறவர்கள் கொஞ்சம் மேலேயே திறந்துவிட வேண்டும் என்பது விசிலின் கட்டளை. ஐயாயிரம் வந்தது. இரண்டு கையையும் ஆட்டி எச்சரித்துவிட்டு இழுத்தாள். தோள் குலுங்கியது. தலைக்கு மேல் நாலு மூலையும் நன்றாக விரிந்திருந்தது.

இவ்வளவுதான். முள்ளைப் பார்க்க ஒரு நொடி, இழுக்க ஒரு நொடி. அன்றைக்கும் இவ்வளவு சுலபமாகத்தானே இருந்தது! "பாவி, பாவி" என்று தன்னையே ஏசிக்கொண்டு, மூவாயிரம் அடி உயரத்தில் யாருக்கும் கேட்காமல் வாய்விட்டு அழுதாள். ஆனால் கை தன் வேலையைச் செய்தது. காற்றின் திசை பார்த்தாள், பக்கத்தில் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள், சரியான உயரத்தில் திரும்பி, சரியான உயரத்தில் கயிற்றை இழுத்து, இரண்டு காலில் நின்று இறங்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் கேட்டுத்தான் மடிப்புக்காரர் வெளியே வந்தார். யாருடைய பாராசூட் விரிவதையும் அவரால் இப்போது பார்க்க முடிவதில்லை. இவ்வளவு நேரம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருக்கிறார். ஈரக் கையோடு புல்லில் ஓடி வந்தார்.

"நின்னு இறங்கினியாமே? அப்பாடா! என் வயித்துல பாலை வார்த்தியேம்மா."

"அண்ணா, அவரைக் கொன்னது உங்க மடிப்பு இல்ல."

"என்னம்மா சொல்றே?"

வாரம் முழுக்கப் பாடம் பண்ணிய வாக்கியம் எங்கே போயிற்றோ. துணியை நெஞ்சோடு அள்ளிக் கட்டிக்கொண்டு, குறட்டைப் பேச்சிலிருந்து ஆறு எண்ணியது வரை, அவன் எப்போதும் அவளுக்காகக் காத்திருப்பான் என்பது வரை கொட்டித் தீர்த்தாள். அவர் கத்துவார், அறைவார் என்று நினைத்தாள். அவர் தொழில்காரராகக் கேள்வி கேட்டார்.

"நீ எத்தனை அடியில திறந்தே?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறு."

"அவன் உனக்கப்புறம்."

"எப்பவும் எனக்கப்புறம்தான்."

உள்ளங்கையில் விரலால் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தார். "முறுக்கினது என் மடிப்பாவே இருக்கட்டும். மூவாயிரத்து ஐந்நூறுல திறந்திருந்தா..."

"அறுத்துட்டு அடுத்ததைத் திறந்திருப்பார். இந்நேரம் என்னைக் கிண்டல் பண்ணிட்டு இருப்பார் அண்ணா."

மடிப்புக்காரர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். "உங்க அண்ணி போன வருஷம் போயிட்டா. உனக்குத் தெரியாதில்ல" என்றார்.

டிரைவரம்மா அவர் பக்கத்திலேயே மண்டியிட்டாள்.

"கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தா. உங்க கை தப்பு பண்ணியிருக்காதுங்க, வேற என்னமோ நடந்திருக்குன்னு. எனக்குக் கோவம் கோவமா வரும். ஆறுதலுக்காகப் பொய் சொல்லாதேடீன்னு கத்துவேன். ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பகூடக் கத்தினேம்மா. அதுக்கப்புறம் அவ அந்தப் பேச்சையே எடுக்கல. பேசாமலே போயிட்டா."

"அண்ணா, என்னை மன்னிச்சு..."

"அது அப்புறம்." கையை உயர்த்தித் தடுத்தார். விசிலும் மற்றவர்களும் கொஞ்சம் தள்ளி, என்னவென்று புரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். "மறுபடி சொல்லு."

"எதைண்ணா?"

"எல்லாத்தையும். எனக்கில்ல, எனக்குக் கேட்டாச்சு. அவளுக்குக் கேக்கற மாதிரி சத்தமா சொல்லு."

டிரைவரம்மா எழுந்து நின்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். அழுகையில் குரல் இறங்கிய இடத்திலெல்லாம் மடிப்புக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "இன்னும் சத்தமா" என்றார்.