அப்டேட் ஓடும்போது அணைத்த சுவிட்ச்

கூடத்தில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. போனில், பெங்களூரிலிருந்து எங்கள் மகள். பழி போட வேறு ஆள் இல்லை.

மகள் ஒரு பெட்டி வாங்கி அனுப்பியிருந்தாள். இரண்டு ஹார்ட் டிஸ்க் உள்ளே போட்டு வீட்டு வைஃபையோடு சேர்த்துவிட்டால் படம், வீடியோ எல்லாம் அதில் இருக்குமாம். ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்றில் இருக்கும்.

பத்திரப்படுத்த வேண்டியது என் மாமனார். போன வருசம் காலமானார். அவர் பேசுகிற வீடியோக்கள் ஒரு பழைய டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தன. பெரும்பாலும் காங்கேயத்துத் தோட்டத்தில் மாட்டைத் திட்டிக்கொண்டிருப்பார். அந்த டிஸ்க் சில நாள் திறக்கும், சில நாள் திறக்காது. மனைவி பயந்துகொண்டு அதைத் தொடுவதே இல்லை.

புது டிஸ்க் இரண்டையும் நானே மாட்டினேன். கருமத்தம்பட்டியில் முப்பது வருசம் தறி ஓட்டியவனுக்கு நாலு திருகாணி முடுக்கத் தெரியாதா என்று ஒரு நினைப்பு. ஒன்றைத் தலைகீழாகச் சொருகப் பார்த்தேன். மனைவி பிடித்துவிட்டாள்.

அடுத்தது ஃபர்ம்வேர். பெட்டியை ஓட வைக்கிற புரோகிராம். புதுசு ஏறி முடிகிற வரை கரண்டை நிறுத்தக் கூடாது.

"அப்பா, தொடாதீங்க. பார்த்துட்டு மட்டும் இருங்க."

"செரி கண்ணு."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெட்டிக்குள் சத்தம் மாறியது. கட கட என்றது. தறியில் சத்தம் மாறினால் எங்கேயோ நூல் அறுந்திருக்கும். யோசிக்கக் கூடாது, நிறுத்த வேண்டும். கை சுவிட்சை அணைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பெட்டி மறுபடி எழவில்லை.

"ஏனுங்க, என்ன பண்ணிப்போட்டீங்க?"

"சத்தம் மாறுச்சு."

"அப்பா, அது தறி இல்லீங்க," என்றாள் மகள்.

கோயமுத்தூரில் ஒரு கடையில் கொடுத்துப் புரோகிராமை மறுபடி ஏற்றி வாங்கினேன். "நடுவுல கரண்ட் போயிருச்சுங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். "ஆமாங்க" என்றேன். போனது உண்மைதானே.

பழைய டிஸ்க்கிலிருந்து பெட்டிக்குக் காப்பி போடுகிற அன்று மனைவி ஒரு முறம் நிறைய முருங்கைக்கீரையை என் மடியில் வைத்தாள்.

"உருவுங்க. ரெண்டு கையும் வேலையா இருக்கட்டும்."

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"நீங்க பண்ண மாட்டீங்க. அந்தக் கைய நம்ப முடியாதுங்க."

வீடியோ காலில் மகள் சிரித்தாள். காப்பி பாதியில் இருக்கும்போது பழைய டிஸ்க் கர்ரென்று இழுத்தது. நான் எழுந்துவிட்டேன். கீரை தரையில் கொட்டியது.

"உக்காருங்க!" இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

உட்கார்ந்து பொறுக்கினேன். சத்தம் தானாக அடங்கியது. எனக்குத்தான் அடங்கவில்லை.

"எல்லாம் வந்துருச்சும்மா," என்றாள் மகள்.

மனைவி தன் போனில் பெட்டியைத் திறந்தாள். தன் அப்பாவின் வீடியோ எத்தனை இருக்கிறதென்று அதுவரை அவளுக்கே தெரியாது. விரலை வைத்து ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணினாள்.

நாற்பத்தேழு.